பழைய பைக்கை ஆன்லைனில் விற்கும்போது

போன வருடம் என் ஸ்ப்ளெண்டரை விற்க விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் வேலையாம், வண்டியைப் பார்க்கவே வேண்டாமாம், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். பேரம் பேசாத ஆள் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்தது. "முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்றார்.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் பின்னால் நீங்களும் உட்காருங்கள். பணம் வந்ததை வங்கிக் கணக்கிலேயே பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

அப்புறம் ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று. அதில் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-ஐ வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பி, அவருடைய ஆதார் நகலோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறாதவரை அந்த வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். முடிந்தால் இருவரும் சேர்ந்தே ஆர்டிஓ அலுவலகம் போய்விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அரைநாள் லீவு போனது.