பழைய சைக்கிளைக் கூட்டு ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

அப்பப்பாவின் ரலியோ ஹம்பரோ வீட்டுக் கோடிக்குள் சாத்திக் கிடக்கிறதா? வெளியே எடுங்கள். யாழ்ப்பாணக் கோட்டையடியில் நண்பர்களோடு சேர்ந்து, பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறை வரை போய்வர அது தாராளமாகப் போதும்.

முதலில், பெயின்ற் அடிக்க வேண்டாம். பழைய கோடும் எழுத்தும் போனால் திரும்ப வராது. ஈரத்துணியால் துடையுங்கள், மண்ணெண்ணெய் செயினுக்கு மட்டும். பி.எஸ்.ஏ. என்றால் மூன்று துவக்குச் சின்னத்தைக் கவனமாகத் துடையுங்கள். பர்மிங்ஹாம் துவக்குத் தொழிலாளர் தொடங்கிய கம்பனி அது. இரண்டாம் உலகப்போரில் அவர்கள் செய்த பிறவுனிங் இயந்திரத் துவக்குகள் பிரித்தானிய விமானங்களில் ஏறின. லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானத்தில் அந்த ரகம் எட்டு இருந்தது. குண்டு விமானம் என்றாலே எங்களுக்குப் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். ஆனாலும் பறக்கும் நிலையில் மிஞ்சிய இரண்டு லங்காஸ்ரர்களில் ஒன்றைக் கனடாவின் ஹமில்டனில் இன்றும் பராமரிக்கிறார்களே, அந்தக் கைவேலையை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. ரயர். பெரும்பாலும் 28 x 1½ அங்குலம். பக்கத்தில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். வால்வு ரப்பரும் புதிதாகப் போடுங்கள்.

2. கொட்டர் பின். கிராங்கை, அதாவது மிதிகட்டை பூட்டிய இரும்புக் கையை, நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பின் இது. இதுதான் முக்கியம். மிதிக்கும்போது சுற்றுக்கொரு தரம் ‘டக்’ என்று கேட்டால் பின் தளர்ந்துவிட்டது. நட்டை மட்டும் இறுக்கிப் பயனில்லை. பின் ஆப்பு வடிவம். சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். நட்டு அது கழராமல் பிடிப்பதற்கே. தட்டும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய் ஒன்றை நிமிர்த்தி முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடி முழுவதும் அச்சைச் சுற்றி உள்ளேயிருக்கும் போல்ஸில் (இரும்புக் குண்டுகளில்) இறங்கும். கொஞ்சத் தூரம் ஓடியபின் மறுபடி தட்டி இறுக்குங்கள்.

3. கம்பி பிறேக். கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். குரோம் ரிம் நனைந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது, அதனால் மாரியில் முன் சைக்கிளோடு ஒட்டிப் போகாதீர்கள்.

4. செயின். 24 கண்ணி 12 அங்குலம் இருக்கவேண்டும். அரைக்கால் (1/8) அங்குலம் கூடினால் புதியது வாங்குங்கள்.

அப்புறம், சோளகக் காற்றில் பண்ணைப் பாலத்தில் பக்கவாட்டாகத் தள்ளும். ஒற்றை வரிசையாகப் போங்கள். மிகப் பழைய சைக்கிளை முன்னால் விடுங்கள், அதன் வேகமே எல்லோருடைய வேகம். கரியரில் ஸ்பானர், சுத்தியல், மேலதிகக் கொட்டர் பின் இரண்டு. திரும்பி வந்ததும் உப்புக்காற்றுப் பட்ட இடமெல்லாம் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.