சீனக் குடியிருப்போர் குழுக்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன நகரங்களின் அடித்தள நிர்வாகத்தைப் பற்றி எழுதுவோர் முதலில் இடறுவது, ஒரு குடியிருப்புப் பகுதியின் பொது விவகாரங்களைக் கவனிக்கும் குடியிருப்போர் குழுவை அரசின் கடைசிப் படி என்று சொல்லிவிடுவதில்தான். சட்டப்படி அது அரசு அலுவலகம் அன்று. 1982ஆம் ஆண்டு அரசமைப்பின் 111ஆம் பிரிவு அதை மக்களின் தன்னாட்சி அமைப்பு என்கிறது. அரசின் நேரடிக் கை, நகர மாவட்ட நிர்வாகம் அமர்த்தும் தெரு அலுவலகத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆனால் ‘தன்னாட்சி’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. 1990 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த குடியிருப்போர் குழுச் சட்டம், அண்டை வீட்டார் பூசல்களைத் தீர்த்துவைப்பதோடு, பொதுச் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு, வறியோர் நிவாரணம் ஆகியவற்றில் அரசுக்கு உதவுவதையும் குழுவின் கடமையாக்கியது. குழுவின் செலவுக்கும் உறுப்பினர்களின் உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்குவதும் அரசே. கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைச் செயலாளரே குழுத் தலைவராகவும் இருப்பது இன்று பரவலான வழக்கம். ஆகவே குழு யாருக்குப் பதில் சொல்கிறது என்பதைச் சட்டத்தின் சொற்களில் மட்டும் தேடாமல், பணமும் பணிப்பட்டியலும் எங்கிருந்து வருகின்றன என்றும் பார்க்க வேண்டும்.

2020இல் வூஹானில் இக்குழுக்கள் குடியிருப்பு வாயில்களைக் காத்து, வீடுகளுக்கு உணவுப் பொருள் சேர்ப்பித்ததை வைத்து, இவை பெருந்தொற்றுக் காலத்தில் முளைத்தவை என்று எண்ணுவோரும் உண்டு. ஹாங்சோ நகரில் 1949 அக்டோபரிலேயே இத்தகைய குழு அமைந்தது. 1954இல் நாடு முழுமைக்குமான விதிகள் வந்தன. எனினும் வேலையின் பளு கூடியது பிற்காலத்தில்தான்: வீடு, மருத்துவம், ஓய்வூதியம் என எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட அரசுத் தொழிற்கூடங்கள் 1990களில் அந்தப் பொறுப்புகளைக் கைவிட்டபோது, அவற்றில் பல குடியிருப்புப் பகுதியின் தலையில் விழுந்தன.

குடியிருப்பு வளாகத்தில் வீடு சொந்தமாக வைத்திருப்போர் அமைக்கும் வீட்டு உரிமையாளர் குழுவைக் குடியிருப்போர் குழுவோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. பராமரிப்பு நிறுவனத்தை அமர்த்துவதும் நீக்குவதும் உரிமையாளர்களின் உரிமை. அந்தக் குழுவில் வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இடமில்லை.

பழைய எண்களைத் திரும்ப எழுதுவதும் பொதுவான பிழை. 1990இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு குழுவுக்கு 100 முதல் 700 குடும்பங்கள் என்று வகுத்தாலும், இன்றைய பல குடியிருப்புப் பகுதிகள் அந்த அளவைத் தாண்டியவை. மூன்றாண்டுப் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஐந்தாண்டானது. ‘மக்கள் தேர்ந்தெடுத்த குழு’ என்று எழுதும் முன், எல்லா வாக்காளர்களும் வாக்களித்தார்களா, வீட்டுக்கு ஒருவரா, சிறு பிரிவுகளின் பிரதிநிதிகள் மட்டுமா என்று கேட்க வேண்டும். 1990இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்றையும் அனுமதித்தது.