சருகு உரமாவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பெயின்ட் வாளி போதும்

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வாசலில் கூட்டுகிற வேப்பஞ்சருகைக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு அனுப்ப வேண்டாம். அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியில் காய்ந்த சருகு மூன்று பங்கு, பச்சை இலை ஒரு பங்கு, ஒரு கை தோட்டத்து மண் போடுங்கள். சருகை நொறுக்குவது பிள்ளைகள் வேலை. அதை மட்டும் நீங்கள் கேட்காமலே செய்வார்கள்! மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் இங்கே சமையல்காரர்கள், அவற்றுக்குக் காற்றும் ஈரமும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. நாற்றமடித்தால் காற்று போதவில்லை. கிளறிவிட்டு இன்னும் கொஞ்சம் சருகு சேருங்கள். வாரம் ஒருமுறை கிளறினால் நம்ம ஊர் வெயிலுக்கு 2 முதல் 3 மாதத்தில் மட்கிவிடும். அப்புறம் சலித்து, மட்காத குச்சிகளை அடுத்த வாளியில் போட்டுவிடலாம்.