“இந்த வருஷம் கப் நமக்குத்தான்” என்று சொல்வதற்கு முன்

ஒவ்வொரு ஆகஸ்டிலும், கால்பந்து லீக் சீசன் தொடங்கும்போது, இதே கூத்துதான். ஒருவர் “இந்த வருஷம் கப் நமக்குத்தான்” என்பார், இன்னொருவர் “முதல் பத்துக்குள் வந்தாலே பெரிய விஷயம்” என்பார், மூன்றாமவர் கோச்சை மாற்றினால்தான் விடிவு என்பார், இரண்டு மணி நேரம் தொண்டை வறளக் கத்தி முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால் யாருமே பிடி கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். மே மாதம் மூன்று பேருமே “நான் அப்பவே சொன்னேன்ல” என்பார்கள். எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடிக்கும். பிடிப்பதால்தான் அதை ஒழுங்காகப் போடுங்கள் என்கிறேன்.

முதல் வேலை: இடத்தைச் சொல்லாதீர்கள், புள்ளியைச் சொல்லுங்கள் (ஜெயித்தால் மூன்று, டிரா என்றால் ஒன்று). “நாம் இரண்டாவது வருவோம்” என்பதில் பாதி நம் அணியைப் பற்றியது, மீதி மற்ற 19 அணிகளைப் பற்றியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2018-19 சீசனில் லிவர்பூல் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது, 97 புள்ளி எடுத்தது, அப்படியும் 98 எடுத்த மான்செஸ்டர் சிட்டிக்குப் பின்னால் இரண்டாவது. 2015-16இல் லெஸ்டர் 81 புள்ளியோடு சாம்பியன் ஆனது. இடத்தை மட்டும் வைத்துப் பேசினால் அந்த லிவர்பூல் லெஸ்டரைவிட மோசம் என்று ஆகிவிடும். அதனால் ஒரு எண், அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி: “66, நாலு முன்னே பின்னே இருக்கலாம்” என்கிற மாதிரி. சொன்னதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதாத கணிப்பு மே மாதத்துக்குள் தானாக உருமாறிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

எண்ணுக்கு எங்கே போவது? போன வருடப் புள்ளிப் பட்டியலிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதில் புள்ளியை விட்டுவிட்டு கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தால் வருவதைப் பாருங்கள். ஒரு அணி எவ்வளவு நன்றாக ஆடியது என்பதைப் புள்ளியைவிட அது நேர்மையாகச் சொல்லும், ஏனென்றால் 1-0 ஜெயிப்பதற்கும் 1-1 ஆவதற்கும் நடுவில் பல சமயம் ஒரு கம்பம்தான் நிற்கிறது. 38 ஆட்டம் கொண்ட லீக்கில் சுமாராக வேலை செய்யும் ஒரு கணக்கு உண்டு: 52ஐ வைத்துக்கொள்ளுங்கள், கோல் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கை அதோடு கூட்டுங்கள், வித்தியாசம் மைனஸ் என்றால் கழியுங்கள். 52 வானத்திலிருந்து குதிக்கவில்லை. நாலில் ஒரு ஆட்டம் டிரா ஆகிறது என்று வைத்தால் ஒரு அணிக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 1.37 புள்ளி வரும், அதை 38ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 52. ஜெர்மன் லீக்கில் 34 ஆட்டம்தான், அங்கே 47 என்று தொடங்குங்கள். 2023-24இல் தோல்வியே இல்லாமல் சாம்பியனான லெவர்குசன் 89 கோல் அடித்து 24 வாங்கியது, வித்தியாசம் 65. மூன்றில் இரண்டு பங்கு 43, கூட்டினால் 90. அவர்கள் எடுத்ததும் 90தான். எப்போதும் இவ்வளவு அழகாக உட்காராது, உட்காராத இடம்தான் நமக்கு வேண்டும்.

டாட்டன்ஹாமின் 2024-25ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 64 அடித்தார்கள், 65 வாங்கினார்கள். கணக்குப்படி 51 வர வேண்டும், வந்தது 38, 17ஆவது இடம். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் ஐரோப்பா லீக் கோப்பையை எடுத்துவிட்டு உள்நாட்டு லீக்கில் 22 ஆட்டம் தோற்ற விசித்திரமான வருடம் அது. இப்படி 13 புள்ளி பள்ளம் தெரிந்தால் “அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும்” என்று பதறுவதற்கு முன் அதில் எவ்வளவு துரதிர்ஷ்டம், எவ்வளவு காயம், எவ்வளவு நிஜமான ஓட்டை என்று பிரித்துப் பேச வேண்டும். பிரைட்டன் 2020-21இல் 41 புள்ளியோடு 16ஆவது வந்தபோது கோல் வித்தியாசம் மைனஸ் 6தான், கணக்கு 48 என்றது. கோல் வாய்ப்பை உருவாக்குகிறார்கள், அடிக்கத்தான் தெரியவில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். அடுத்த வருடம் 51 புள்ளி, 9ஆவது இடம். தலைகீழாகவும் நடக்கும். லெஸ்டர் சாம்பியனான வருடம் வித்தியாசம் பிளஸ் 32, கணக்கு 73தான் என்றது, அவர்கள் எடுத்தது 81. அடுத்த வருடம் 44. அந்தச் சரிவு முழுக்க அதிர்ஷ்டம் தீர்ந்ததால் வந்தது இல்லை, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எதிர்பார்ப்பு கோல் என்கிற எக்ஸ்ஜி எண்ணையும் பார்க்கலாம். ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று போட்டு, அத்தனையையும் கூட்டுவதுதான் அது. ஒரு பெனால்டிக்கே சுமார் 0.78 வரும். அதனால் பெனால்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள், முழு சீசனுக்கும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஆட்டத்தின் எக்ஸ்ஜியைத் தூக்கிக்கொண்டு “நியாயமாக நாமதான் ஜெயிச்சிருக்கணும்” என்று வருகிறவரிடம் பேச்சு வளர்க்காதீர்கள்.

சரி, அடிப்படை எண் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் எல்லோரும் உயிரை விடுகிற டிரான்ஸ்பர் விஷயம், அதாவது ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும். இங்கே ரசிகர்கள் செய்கிற பெரிய தப்பு, செலவு செய்த பணத்தை எண்ணுவது. 2022-23இல் செல்சீ இரண்டு டிரான்ஸ்பர் காலத்திலும் கொட்டிக் கொட்டி ஆள் வாங்கி 44 புள்ளியோடு 12ஆவது வந்தது. 2024 கோடையில் லிவர்பூல் அந்த சீசனில் ஆடுவதற்காக வாங்கியது கியேசா ஒருவரைத்தான், அவரும் லீக்கில் பெரிதாக ஆடவில்லை. கோச் யுர்கன் குளோப் போய் ஆர்னே ஸ்லாட் வந்த முதல் வருடம் வேறு. நான் 68 என்று எழுதி வைத்தேன். அவர்கள் 84 எடுத்து சாம்பியன் ஆனார்கள். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை, என் வாய் ரொம்ப நீளும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

பணத்தை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள். ஒரு அணிக்கு ஒரு சீசனில் 38 ஆட்டம், 90 நிமிடம், 11 பேர், மொத்தம் 37,620 நிமிடம். போன வருடம் அவற்றை யார் யார் ஆடினார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். போனவர்களின் நிமிடத்தை அடியுங்கள், அந்த இடத்தில் இந்த வருடம் யார் நிற்பார் என்று பெயர் போடுங்கள். இதைச் செய்து பார்த்தால்தான் தெரியும், ஆர்ப்பாட்டமாக வாங்கிய விங்கர் உண்மையில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரின் நிமிடத்தைத்தான் சாப்பிடப் போகிறார், இடது பேக்கில் 3,000 நிமிடம் ஆடியவர் போனதற்கு மாற்று ஒருவரும் இல்லை என்று. 30 தாண்டியவர்கள் மொத்த நிமிடத்தில் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் அதே தாளில் பார்த்துவிடலாம். ஸ்ட்ரைக்கரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இரண்டாவது கோல்கீப்பரின் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

முக்கியமாக, ஒவ்வொரு இடத்துக்கும் “இவர் ஆறு மாதம் இல்லை என்றால்?” என்று கேளுங்கள். மான்செஸ்டர் சிட்டி 2023-24இல் 91 புள்ளியோடு சாம்பியன். 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரர் ரோட்ரியின் முழங்கால் போனது. அந்த சீசன் 71 புள்ளி, மூன்றாவது இடம். இருபது புள்ளியும் ஒரே ஆளால் போகவில்லைதான், வயதான அணி, வேறு காயங்களும் இருந்தன, ஆனால் அவர் நின்ற இடத்தில் நிற்க ஆள் இல்லை என்பதை ஆகஸ்டிலேயே யார் வேண்டுமானாலும் தாளில் பார்த்திருக்கலாம்.

அடுத்து காலண்டர், இதை ஏனோ யாரும் பேசுவதே இல்லை. லெஸ்டர் கப் எடுத்த வருடம் அவர்களுக்கு ஐரோப்பிய ஆட்டம் (மற்ற நாட்டு கிளப்புகளோடு லீக்குக்கு நடுவே ஆடுவது) கிடையாது, வாரம் முழுக்க ஓய்வும் பயிற்சியும். அடுத்த வருடம் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் காலிறுதி வரை போனார்கள், நடுக்களத்தைத் தாங்கிய கான்டே செல்சீக்குப் போய்விட்டார், லீக்கில் 12ஆவது. அதே கான்டேயோடு செல்சீ என்ன செய்தது? 2015-16இல் 50 புள்ளியோடு 10ஆவது வந்ததால் ஐரோப்பாவில் இடமில்லை, 2016-17இல் புதுக் கோச் அந்தோனியோ கான்ட்டேயின் கீழ் 93 புள்ளியோடு சாம்பியன். 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டமே ஆறிலிருந்து எட்டு ஆட்டமாகிவிட்டது, ஆக அங்கே நுழைந்த அணிக்குச் சிறிய பெஞ்ச், அதாவது மாற்று ஆட்டக்காரர் குறைவு என்றால் மூன்று நாலு புள்ளி தயங்காமல் கழிப்பேன். ஐரோப்பாவிலிருந்து வெளியே வந்த நல்ல அணிக்கு அதே அளவு கூட்டுவேன். ஆப்பிரிக்கக் கோப்பை சீசனின் நடுவில் வருகிற வருடமா, உங்கள் அணியிலிருந்து எத்தனை பேர் போவார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் டிவிஷனிலிருந்து மேலே ஏறி வந்த அணியின் ரசிகர் என்றால் கணக்கு வேறு. “40 புள்ளி எடுத்தால் தப்பித்தோம்” என்பது பழைய வாக்கு. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது, 2023-24இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் நாலு புள்ளி வெட்டுப்பட்டு 32இல் தப்பித்தது. அந்த சீசனிலும் அடுத்த சீசனிலும் ஏறி வந்த மூன்று அணியும் அப்படியே திரும்ப இறங்கின. கீழ் டிவிஷன் கோல் வித்தியாசத்தை மேலே கொண்டு வந்து கூட்டாதீர்கள், அது இங்கே செல்லாது.

எண் சொல்லியாயிற்று, சீசனும் தொடங்கிவிட்டது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், பத்து ஆட்டம் வரை மாற்றாதீர்கள். ஹல் சிட்டி 2008-09இல் முதல் ஒன்பது ஆட்டத்தில் 20 புள்ளி எடுத்து மேலே பறந்தது, சீசன் முடிவில் 35தான், ஒரே ஒரு புள்ளியில் தப்பியது. இத்தாலியின் யுவென்டஸ் 2015-16இல் முதல் பத்து ஆட்டத்தில் 12 புள்ளி, எல்லோரும் ஒப்பாரி வைத்தார்கள், கடைசியில் 91 எடுத்து சாம்பியன். பொறுக்க முடியவில்லை என்றால் ஒன்று செய்யலாம்: இதுவரை ஆடிய அதே எதிரிகளிடம், அதே மைதானங்களில், போன வருடம் எத்தனை புள்ளி எடுத்தோம் என்று ஒப்பிடுங்கள். இறங்கிப் போன அணிகளுக்குப் பதில் ஏறி வந்தவற்றைப் போட்டுக்கொள்ளலாம். ஆறு ஆட்டத்தில் ஏழு புள்ளி என்று கேட்டால் அழுகை வரும், அந்த ஆறில் நாலு போன வருடம் தோற்றவை என்றால் நாம் எதையுமே இழக்கவில்லை.

வாதிடும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: “எது நடந்தால் உன் எண்ணை மாற்றுவாய்?” பதில் இல்லாதவர் கணிக்கவில்லை, ஆசைப்படுகிறார். ஆசைப்படுவதில் தப்பில்லை, அவரோடு சேர்ந்து கத்தலாம், ஆனால் அவரிடம் கணக்குப் பேச வேண்டாம். எப்போதும் புலம்புகிறவரையும் இதே மாதிரிப் பிடியுங்கள். “இந்த அணி உருப்படாது” என்றால் எத்தனை புள்ளிக்கு உருப்படாது? 45க்கா, 30க்கா? பெரும்பாலும் அவர் சொல்லும் எண் உங்கள் எண்ணிலிருந்து ஐந்துகூட விலகியிருக்காது, இவ்வளவு நேரம் எதற்குச் சண்டை போட்டோம் என்று ஆகிவிடும். தோற்ற இரவில் மட்டும் இதையெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டங்களை ஆதாரமாகக் கொண்டு வருகிறவருக்கு ஒரு சிரிப்பு போதும்.

எவ்வளவு கேட்டும் எண் சொல்ல மறுத்து, “அதெல்லாம் தெரியாது, கப் நமக்குத்தான்” என்று நிற்பவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். பிரீமியர் லீக்கில் 2016-17 முதல் 2024-25 வரை 84க்குக் குறைந்து யாரும் சாம்பியன் ஆகவில்லை. அவர் பெயருக்கு நேரே 84 என்று நீங்களே எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.