கிரிப்டோவைப் பூட்டிவைப்பதும் வாரிசு கையில் சேர்ப்பதும்

ஓசூர் சிப்காட்டில் வேலை, பாலக்கோட்டில் மனைவியும் அம்மாவும், கைப்பேசியில் கொஞ்சம் பிட்காயின், அதாவது கிரிப்டோ எனப்படும் மின்பணம். இப்படி ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர் திடீரென இறந்துபோனால் நிலத்தைப் பட்டாவைக் கொண்டும் நகையை பீரோவைத் திறந்தும் குடும்பம் கண்டுபிடித்துக்கொள்ளும். பிட்காயினுக்குத் தாலுகா அலுவலகம் கிடையாது. சாவி, அதாவது அதைத் திறக்கும் ரகசியக் குறியீடு, தொலைந்தால் காசும் தொலைந்தது. திருடனுக்குத் தெரியக் கூடாது, மனைவிக்குத் தெரியாமலும் இருக்கக் கூடாது. சிக்கலே இதில்தான்.

1. முதலில் ஒரு பட்டியல்

ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் நிறுவனம்) கணக்கு, எந்த மின்னஞ்சல், எந்தக் கைப்பேசி எண், தனி வாலட் (சாவியை நீங்களே வைத்துக்கொள்ளும் செயலி அல்லது கருவி) இருந்தால் அது எந்த வகை. கடவுச்சொல் வேண்டாம். இறந்தவரின் சிம் கார்டை உடனே ரத்து செய்ய வேண்டாம், ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள் என்றும் குறித்துவையுங்கள். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

2. எவ்வளவு எங்கே

எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காசின் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டு நடந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் கிரிப்டோவை ஓராண்டுக்கும் மேலாக எடுக்க முடியவில்லை. அதையொட்டிய ஒரு வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் சொத்துதான் என்றது. சிறு தொகையென்றால் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவிட்டு, எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில், உள்நுழைவுக் குறியீட்டைக் கைப்பேசியிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலியை இணைத்துக்கொள்ளுங்கள். இழந்தால் தூக்கம் கெடும் தொகையென்றால் ஹார்டுவேர் வாலட், அதாவது சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிறு கருவி, வாங்கலாம். தயாரிப்பாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே மீட்புச் சொற்கள் (அடுத்த பகுதியில் வருகின்றன) அச்சிட்ட தாள் இருந்தால் அது மோசடி, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

3. மீட்புச் சொற்கள்

வாலட்டைத் தொடங்கும்போது அது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். சீட் ஃபிரேஸ் என்பது இதுதான். கருவி உடைந்தாலும் இந்தச் சொற்கள் இருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். இவற்றைப் பார்த்தவர் எவரும் உங்கள் காசை எடுத்துவிட முடியும். ஆகவே வரிசை மாறாமல் கையால் எழுதுங்கள். படம் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தாளைக் கரையான் தின்னும், மழைநீர் ஊறும். போகியன்று பழைய காகிதத்தோடு அடுப்புக்கும் போகலாம். எஃகுத் தகட்டில் பொறிப்பது மேல். பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்தால் ரகசியம் அவருக்கும் தெரிந்துவிடும். எழுத்துப் பொறிக்கும் பஞ்ச் செட் வாங்கி நீங்களே அடியுங்கள். பெரும்பாலான வாலட்கள் பயன்படுத்தும் 2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தே ஒரு சொல்லைத் தனியாகக் காட்டிவிடும் என்பதால் நான்கு அடித்தால் போதும்.

பெரிய தொகையை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. நூறு இருநூறு ரூபாய்க்கு அனுப்புங்கள், கருவியை முழுவதும் அழித்துவிட்டு, எழுதிவைத்த சொற்களைக் கொண்டே மீட்டுப் பாருங்கள். பலரும் தாவிவிடும் படி இது.

ஒரு பிரதி வீட்டில், மற்றொன்று தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வங்கி லாக்கரில். பாதிச் சொற்களை அங்கும் பாதியை இங்கும் வைப்பது கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் போய்விடும். இரண்டும் முழுப் பிரதியாகவே இருக்கட்டும்.

4. உயில்

உயில் எழுதாத இந்து ஆண் இறந்தால் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்கள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. வேறு விதமாக வேண்டுமென்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத் தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாக்காமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை என்றாலும், பின்னால் தகராறு வருமென்று தோன்றினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

உயிலில் எது யாருக்கு என்று எழுதுங்கள். மீட்புச் சொற்களை மட்டும் அதில் எழுதக் கூடாது: எழுதியவர் இறந்த பிறகு, பதிவான உயிலின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். தகடு எங்கே இருக்கிறது என்பதை முதல் படியில் போட்ட பட்டியலோடு தனிக் கடிதமாக மூடி மனைவியிடம் கொடுங்கள். லாக்கருக்கு அவரை நாமினியாகவும் போட்டுவிடுங்கள்.

5. வரிக் காகிதம்

உயில் வழியாகக் கிடைக்கும்போது வருமான வரி இல்லை. விற்கும்போது லாபத்தில் 30 சதவீதமும் அந்த வரியின்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. விற்கும் தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரியாகப் பிடிப்பார்கள். வாங்கிய விலைக்கான ரசீதுகளை அதே உறையில் வையுங்கள்.

6. வீட்டாருக்கு ஒத்திகை

உங்கள் முன்னிலையில் மனைவியே கருவியைத் திறந்து ஒரு சிறு தொகையை அனுப்பிப் பார்க்கட்டும். துக்க வீட்டுக்கு “மீட்டுத் தருகிறோம், சொற்களை மட்டும் சொல்லுங்கள்” என்று தொலைபேசி வந்தால் உடனே துண்டிக்கச் சொல்லுங்கள். காலம் வரும்போது மனைவி செய்ய வேண்டியது, தனக்கெனப் புதிய வாலட் ஒன்றைத் தொடங்கி, அதன் சொற்களை எழுதிக்கொண்டு, பழையதில் இருப்பதை அதற்கு மாற்றுவது. பழைய தகட்டை வேறு யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதல்லவா?