பழக்கமில்லாத ஏரியில் பாஸ் பிடிப்பது: லேக் ஃபோர்க்கை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் லேக் ஃபோர்க் வந்துவிடும். ஏறக்குறைய 27,000 ஏக்கர் பரப்பு. டெக்சாஸ் மாநிலத்தின் பாஸ் (பெரிய வாயுள்ள நன்னீர் மீன்) சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் கிடைத்தது. அந்தப் பெயரைக் கேட்டு முதல்முறை வருகிறவர்கள் பலர் பெட்டி நிறைய லூர்களோடு (செயற்கை இரைகளோடு) வந்து, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். எந்த நாளிலும் ஏரியின் பெரும்பகுதி மீனில்லாத தண்ணீர்தான். ஆகவே முதலில் ஆழத்தை முடிவு செய்யுங்கள். ஆழம் தெரிந்தால் லூரைத் தேர்ந்தெடுப்பது எளிது.

கிளம்பும் முன்

இது 1980இல் அணை கட்டி உருவான ஏரி. பழைய ஓடைகளும் சாலைகளும் மரங்களும் அப்படியே தண்ணீருக்கடியில் இருக்கின்றன. நேவியானிக்ஸ் போன்ற ஆழ வரைபடச் செயலியில் மூன்று வகை இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிலமுனை நீண்டு பழைய ஓடைப் பள்ளத்தைத் தொடும் இடம், பள்ளம் வளைந்து கரையை நெருங்கும் இடம், ஓடைக்கிளையின் வாய். பாஸ் ஆழத்திலிருந்து கரைக்கு வரவும் போகவும் இவற்றைத்தான் வழியாகக் கொள்கிறது.

நீர்மட்டத்தையும் பாருங்கள். ஏரி நிறைந்தால் கடல்மட்டத்திலிருந்து 403 அடி. மட்டம் ஏறும்போது மீன் புதிதாக மூழ்கிய புதர்களுக்குள் போகும். இறங்கும்போது கரையை விட்டு முதல் சரிவுக்கு விலகிவிடும்.

17 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். இந்த ஏரிக்குத் தனி விதி உண்டு: 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் குறைவாகவும் உள்ள பாஸை உடனே விட்டுவிட வேண்டும், 24 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளதில் நாளொன்றுக்கு ஒன்று மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அளவுப்பலகை கையில் இருக்கட்டும்.

தண்ணீரின் வெப்பம்

படகில் ஏறியதும் பார்க்க வேண்டிய முதல் எண் இது. 50களில் (ஃபாரன்ஹீட்) இருந்தால் மீன் முட்டையிடக் கிளம்பத் தயாராக, குடாக்களின் வாயில் 4 முதல் 8 அடியில் பாசி விளிம்புகளில் நிற்கும். 60ஐத் தாண்டினால் குடாவுக்குள் நுழையும். மார்ச்சில் ஏரியின் வடபக்கக் குடாக்களில் தொடங்குவது நல்லது: குளிர்ந்த வடகாற்று அங்கே நேராக அடிக்காது, வெயிலும் நன்றாக விழும், அதனால் முதலில் சூடாகின்றன. ஆண் மீன்கள் முந்திக்கொண்டு கரைக்கு வரும். ஒன்றரை, இரண்டு பவுண்டு மெலிந்த மீன்களே அடுத்தடுத்து மாட்டினால் இடத்தை விட்டுப் போகாதீர்கள். படகை அங்கேயே திருப்பி, பின்னாலிருக்கும் அடுத்த சரிவில் போடுங்கள். பெரிய பெண் மீன்கள் பெரும்பாலும் அங்கே காத்திருக்கும்.

குளிர்காற்று வீசி வானம் பளிச்சென்று தெளிந்த மறுநாள் மீன் வெகுதூரம் போய்விடாது. துரத்துவதைத்தான் நிறுத்தும், மரத்தோடும் பாசியோடும் ஒட்டிக்கொள்ளும். அன்று வேகமாக ஓடும் லூரால் பயனில்லை.

கோடையில் விடியற்காலை பாசிப்படலத்தின் மேல் ஃபிராக் (மிதக்கும் தவளை வடிவ லூர்), வெயில் ஏறியதும் முனைகளில் 15 முதல் 22 அடி வரை 3/4 அவுன்ஸ் குண்டோடு கரோலினா ரிக் (குண்டு தரையில் இழுபட, ரப்பர் இரை சற்றுப் பின்னால் வரும் அமைப்பு). சோனாரில் (ஒலியலையால் ஆழம் காட்டும் கருவியில்) குறுக்கே புகைபோல ஒரு பட்டை தெரிந்தால் அதற்குக் கீழே ஆக்சிஜன் குறைவு; அங்கே நேரத்தைச் செலவிடாதீர்கள். இலையுதிர்காலத்தில் ஷாட் (பாஸ் தின்னும் சிறு மீன்) கூட்டங்கள் ஓடைகளின் உட்கோடிக்குப் போகும், பாஸும் பின்னாலேயே போகும்.

நான்கு ராட் (தூண்டில் கோல்) போதும்

கோடைக்குச் சொன்ன ஃபிராக், கரோலினா ரிக் போக, தேடுவதற்கு இரண்டு, நிதானமாகப் போடுவதற்கு இரண்டு.

முதலாவது 1/2 அவுன்ஸ் லிப்லெஸ் கிராங்க்பெய்ட் (முன்னால் தகடு இல்லாத மீன் வடிவ லூர்). மேற்பரப்புக்கு இரண்டு மூன்று அடி கீழே பாசி வளர்ந்திருக்கும் இடத்தில், பாசியின் தலையை உரசும்படி இழுங்கள். பாசியில் மாட்டினால் சுண்டி விடுவியுங்கள். அது பிய்த்துக்கொண்டு வரும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடி விழும். ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் பாசி திரண்டு வந்தால் லூர் அதிக ஆழத்தில் ஓடுகிறது: ராட் நுனியை உயர்த்துங்கள், அல்லது எடை குறைந்ததை மாற்றுங்கள். விறைப்பான ராட் மும்முனை முள்ளை வாயிலிருந்து பிடுங்கிவிடும். கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் சுழலும் தகடுள்ள லூர்). காற்று அடிக்கும் கரைக்கும் பட்டமரங்களுக்கும் ஏற்றது. காற்று மிதவையுயிர்களை ஒரு கரையில் ஒதுக்கும், ஷாட் அங்கே திரளும், பாஸும் வரும். லூர் மரத்தில் முட்டும்படியே இழுங்கள். சாய்ந்து ஓடினால் கம்பி வளைந்திருக்கிறது. முள்ளுக்கு நேர்மேலே வரும்படி நிமிர்த்துங்கள்.

மூன்றாவது டெக்சாஸ் ரிக்: 3/8 அவுன்ஸ் டங்ஸ்டன் குண்டு, 4/0 அளவு அகலவளைவு முள், 7 அங்குல ரப்பர் புழு, 17 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு (தூண்டில் இழை). முள்ளைத் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்துத் திருப்பி, உடலில் மறையக் குத்துங்கள். புழு நேராகத் தொங்க வேண்டும். வளைந்திருந்தால் நீரில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அடர்ந்த பாசியிலும் மரக்கிளையிலும் குண்டை ரப்பர் தடுப்பான் போட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் குண்டு கிளைக்கு ஒருபுறம் இறங்க, புழு மறுபுறம் தொங்கும். பாதிக்கு மேற்பட்ட கடிகள் இறங்கும்போதே வரும். தரையைத் தொடுமுன் நரம்பு நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ தொய்வைச் சுற்றியெடுத்துவிட்டு ஓங்கி இழுங்கள்.

நான்காவது, குண்டில்லாத 5 அங்குல சென்கோ (பருத்த ரப்பர் புழு), நடுவில் முள் குத்தி, 10 பவுண்டு நரம்பில். மீன் மந்தமான நாளுக்கு இதற்கு நிகரில்லை. நரம்பைத் தளரவிட்டு இறங்க விடுங்கள். இழுத்துப் பிடித்தால் அது உங்களை நோக்கி ஊசலாடி வரும். இரு முனைகளும் துடிக்கும் அந்த அசைவு போய்விடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். வெள்ளை லூரை நீரில் இறக்கிப் பாருங்கள். நான்கு அடிக்குக் கீழும் தெரிந்தால் பச்சைப் பழுப்பு வகைகள். ஒரு அடியிலேயே மறைந்தால் கறுப்பு-நீலம் அல்லது பளீர் மஞ்சள்பச்சை.

ஒரு மீன் மாட்டிய பிறகு

நாள் இங்கேதான் தீர்மானமாகிறது. மீனை விடுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆழம் எத்தனை அடி, மரமா பாசியா, காற்றடிக்கும் பக்கமா ஒதுங்கிய பக்கமா, லூர் இறங்கும்போது கடித்ததா ஓடும்போதா. இரண்டாவது மீனும் அதே பதில்களைத் தந்தால், வரைபடத்தில் அதே போன்ற இடங்களைத் தேடி நேராக அங்கே போங்கள். இடையிலுள்ள கரையை விட்டுவிடலாம். அரைமணி நேரம் கடியே இல்லையென்றால் லூரை மாற்றுமுன் ஆழத்தை மாற்றுங்கள்; ஒரே ஆழத்தில் பத்து லூர் மாற்றுவதுதான் புதியவர்கள் பகலை இழக்கும் வழி.

ஃபிராக்கில் மீன் தவறிக்கொண்டே இருந்தால் காரணம் அவசரம். தண்ணீர் வெடித்ததும் இழுக்காதீர்கள். ராடில் மீனின் கனம் தெரிந்த பிறகு இழுங்கள். 50 பவுண்டுக்குக் குறைந்த பிரெய்டு (பின்னிய நரம்பு) பாசியோடு சேர்த்து மீனைத் தூக்காது. மரங்களுக்கிடையே ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நரம்பின் கடைசி மூன்று அடியை விரலால் தடவி, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

குறியிட்ட படகுப்பாதையை விட்டு வேகமாக ஓட்டாதீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அடிக்கட்டைகள் நிறைய. கரையேறியதும் படகிலும் மீன்தொட்டியிலும் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்து, டிரெய்லரில் தொங்கும் பாசியைப் பிய்த்தெறிந்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீரை வடிப்பது டெக்சாஸில் சட்டம்.