நாலு இஞ்ச் ஸ்பீக்கரில் ஒரு மிக்ஸிங் பெட்டி

வீட்டு அறையில் பாட்டு மிக்ஸ் செய்ய ஆரம்பிப்பவர்கள் முதலில் மலைத்து நிற்பது மானிட்டர், அதாவது மிக்ஸைக் கேட்டுப் பார்க்கும் ஸ்பீக்கரின் விலையைப் பார்த்துத்தான். கனத்த ஒலிக்கு உஃபர், கீச்சு ஒலிக்கு ட்வீட்டர், நடுவே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் என்று முழு மானிட்டரையே கையால் செய்யலாம். ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம், கிராஸ்ஓவரில்தான் பலர் கவிழ்கிறார்கள். எல்லா ஒலியையும் தானே தரும் ஒரே ஃபுல்-ரேஞ்ச் ஸ்பீக்கர், காற்றுப் போகாத சின்னப் பெட்டி, அது போதும். ஸ்டூடியோக்களில் மிக்ஸர் மேசை மேல் பல வருடம் உட்கார்ந்திருந்த ஆரட்டோன் 5சி ஸ்பீக்கர் இந்த ஜாதிதான். பாஸ் பெரிதாக வராது. ஆனால் குரலில் என்ன கோளாறு என்று பளிச்சென்று காட்டிவிடும்.

ஸ்பீக்கர் வாங்குவது

4 இஞ்ச், 8 ஓம், ஃபுல்-ரேஞ்ச், ஒரே மாடலில் இரண்டு. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் கேட்டால் பெரிய காந்தம் வைத்த உஃபரை எடுத்து நீட்டி, "பாஸ் அள்ளும் சார்" என்பார்கள். மயங்காதீர்கள். டேட்டா ஷீட் இல்லாத ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம், பெட்டியின் அளவே அதிலிருந்துதான் வருகிறது.

ஷீட்டில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் அலைவரிசை), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு எஃப்எஸ் 70 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் பாஸ் வீங்காமல் சமனாக இறங்க 0.707 என்ற எண்ணை எடுத்துக்கொள்வார்கள். அதை 0.45-ஆல் வகுத்தால் 1.57. அதன் வர்க்கம் 2.47. அதில் 1 கழித்தால் 1.47. விஏஎஸ்-ஐ இதால் வகுத்தால் 4.1 லிட்டர் சொச்சம். இதுதான் பெட்டியின் உள் கொள்ளளவு. அந்த 1.57-ஐ எஃப்எஸ்-ஆல் பெருக்கினால் 110. அதாவது சுமார் 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்க ஆரம்பிக்கும். உங்கள் ஸ்பீக்கரின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

பலகை

உள்ளே 16 செ.மீ. கனசதுரம் என்றால் 4.1 லிட்டர் சரியாக வந்துவிடும். 18 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் எடுத்தால், ஒரு பெட்டிக்கு முன், பின் பலகைகள் 19.6 × 19.6 செ.மீ., மேல், கீழ் 19.6 × 16, பக்கங்கள் 16 × 16. எல்லாமே இரண்டிரண்டு. ஜோடிக்கு நாலரை சதுர அடிகூட ஆகாது, தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டே போதும். 18 என்று விற்பது சில சமயம் 17 தான் இருக்கும். அளந்து பார்த்துவிட்டு அளவை எழுதுங்கள்.

என் முதல் ஜோடிக்குச் செ.மீ.யில் எழுதிக் கொடுத்தேன். அறுத்தவர் மனசுக்குள்ளேயே இஞ்சாக மாற்றி, நூல் கணக்கில் ரவுண்டு பண்ணி அறுத்துவிட்டார். சேர்த்துப் பார்த்தால் மூலையில் ஏ.டி.எம். கார்டு நுழையும் அளவு இடைவெளி! டேப்பில் செ.மீ. பக்கத்தைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

முன் பலகையில் ஓட்டை போட, ஷீட்டில் கட்-அவுட் என்று போட்டிருக்கும் விட்டத்தைப் பாருங்கள், ஸ்பீக்கரின் வெளி விட்டத்தை அல்ல. ஜிக்சாவால் அறுக்கும்போது முகமூடி கட்டாயம். எம்.டி.எஃப். தூள் பொல்லாதது.

ஒட்டுவது

ஃபெவிகால் தடவி, கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஓட்டை வழியாக விரலை விட்டு உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கான் பூசுங்கள். வயர் வெளியே வரும் துளையையும் அடைக்க வேண்டும். சிலிக்கானின் காடி வாசனை முழுக்கப் போன பிறகுதான் ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும். உள்ளே பாலியஸ்டர் தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், தூசாக உதிரும்.

வயர் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 ச.மி.மீ. வயரே தாராளம். எது பிளஸ் என்று சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கேயோ மிதக்கும்.

ஸ்க்ரூ முடுக்கும்போது கூம்பின் மேல் ஓர் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுக்கும். நான் ஒரு கூம்பில் பொத்தல் போட்டது அப்படித்தான்.

இப்போது கூம்பை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்ல, தயங்கித் தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. படக்கென்று திரும்பினால் எங்கோ ஓட்டை. முதலில் ஸ்பீக்கரின் விளிம்பைப் பாருங்கள், அங்கே மெல்லிய ஃபோம் டேப் ஒட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேட்பது

டிபிஏ3116 சிப் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டும் 12 வோல்ட் அடாப்டரும் போதும். சேனலுக்கு எட்டு வாட் போலத்தான் வரும், ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு அதுவே அதிகம். இரண்டு பெட்டியும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக, ஸ்பீக்கர் காது உயரத்தில்.

முதலில் கேட்கும்போது சத்தம் கொஞ்சம் கீச்சென்று இருக்கும். பயப்பட வேண்டாம். பெட்டியின் முகம் 20 செ.மீ.தான் என்பதால், சுமார் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் வழிந்து போய்விடுகிறது. ஈக்யூவில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் கருவி) ஒரு ஷெல்ஃப், அதாவது ஓர் எல்லைக்கு மேலே எல்லாவற்றையும் சமமாகக் குறைக்கும் ஃபில்டர் போட்டு, 600-க்கு மேலே 3 டெசிபல் குறைத்தால் சமனாகும். பெட்டி சுவரை ஒட்டி இருந்தால் இன்னும் குறைவாகவே போதும். இந்த ஈக்யூ மானிட்டருக்கு மட்டும்தான். பாட்டை எக்ஸ்போர்ட் செய்யும் முன் அணைத்துவிடுங்கள். நான் மறந்துபோய் ஒரு பாட்டையே மந்தமாக அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் நன்றாகப் பதிவான மிருதங்கம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையின் சாப்பு என்ற அடி துல்லியமாக விழ வேண்டும். இடப்பக்கத் தோலான தொப்பியின் கும்கி என்ற கனத்த நாதம் மெலிந்துதான் கேட்கும். இந்தப் பெட்டியை நம்பி அதை ஏற்றிவிடாமல், அந்த இடத்தை மட்டும் ஹெட்ஃபோனில் பார்த்துக்கொள்ளுங்கள்.